டெபியன் 12இல் ஜிசிசி பிழைத்திருத்தம் வந்து சேரவில்லை: நீங்கள் எப்படிப் பெறுகிறீர்கள்?

வைகைக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொழிற்சாலைகளில் எடை, அழுத்தம் போன்ற அளவுகளைப் பதிவுசெய்யும் கருவிகளுக்கு சி++ மொழியில் நிரல் எழுதும் சிறிய குழு எங்களுடையது. பில்ட் செய்யும் (மூலநிரலை ஓடும் நிரலாகக் கட்டும்) கணினிகள் எல்லாம் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். அதோடு வரும் கம்பைலர் ஜிசிசி 12.2.

டெபியன் 11இல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒரு லூப், 12க்கு மாறியபின் தவறான கூட்டுத்தொகையைத் தருகிறது. கம்பைலர் நிரலை வேகப்படுத்தும் நிலைகளில் ஓ2இல் மட்டும்தான் இப்படி. ஓ1இல் விடை சரியாக வருகிறது. நிரலை வெட்டிக் குறைத்து, பிழையை மட்டும் காட்டும் சில வரிகளுக்குக் கொண்டுவந்துவிட்டேன். சானிடைசர்களை (நிரல் ஓடும்போது தவறுகளைப் பிடிக்கும் சோதனைகள்) வைத்து ஓட்டியும் பார்த்தேன். எங்கள் நிரலில் குறை எதுவும் அகப்படவில்லை. பிறகு ஜிசிசியின் பிழைப்பட்டியலான பக்ஜில்லாவில் தேடினால், அச்சு அசலாக இதே வடிவத்தில் ஒரு புகார் ஏற்கெனவே இருக்கிறது. "சரிசெய்யப்பட்டது, இலக்கு 12.3" என்று அதை மூடியும் விட்டார்கள்.

ஜிசிசி 12.3 வெளிவந்தது 2023 மே மாதம். இன்றுவரை டெபியனின் பொதி நிறுவியான ஏபிடி எனக்குக் கொடுப்பது 12.2தான். திருத்தம் எழுதப்பட்டுவிட்டது, சோதிக்கப்பட்டுவிட்டது, வெளியிடப்பட்டும் விட்டது. ஆனால் என் கைக்கு வரவில்லை. கருவி தவறான எண்ணைக் காட்டினால் அதை நம்பி ஒருவர் சரக்கை அனுப்பிவிடுவார். "அடுத்த வெர்ஷன் வரும்போது பார்க்கலாம்" என்று விடக்கூடிய விஷயம் இல்லை இது. உங்கள் கம்பைலருக்கும் மற்றக் கருவிகளுக்கும் பிழைத்திருத்தங்களை எந்த வழியில் பெறுகிறீர்கள்?

---

தறிநூல் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். டெபியன் காட்டும் எண்ணை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

உங்கள் கணினியில் கம்பைலரின் முழு வெர்ஷனைக் கேட்டால் 12.2.0-14+டெப்12யு1 என்ற மாதிரி வரும். முதலில் உள்ள 12.2.0, ஜிசிசி திட்டம் வைத்த எண். 14 என்பது அதே 12.2வை டெபியன் எத்தனையாவது முறையாகப் பொதி கட்டியது என்பது. கடைசித் துண்டு, டெபியன் 12 வெளியானபின் அதே வெளியீட்டுக்குள் செய்த முதல் புதுப்பிப்பு என்று பொருள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சங்கதி இருக்கிறது. டெபியனில் ஜிசிசியைப் பராமரிப்பவர்கள் 12.2 வெளியீட்டை அப்படியே எடுத்துவைப்பதில்லை. ஜிசிசியின் 12ஆம் கிளையில் (12 வரிசைக்கான மூலநிரல் தடம்) அதற்குப்பின் சேர்ந்த திருத்தங்களையும் ஒரு தேதிவரை அள்ளிக்கொண்டு கட்டுகிறார்கள். எண் 12.2 என்றே இருந்தாலும், உள்ளே 12.3க்குப் போக வேண்டிய திருத்தங்களில் பல ஏற்கெனவே வந்திருக்கும். எந்தத் தேதிவரை என்பது பொதியின் சேஞ்ச்லாகில் (மாற்றக் குறிப்பு) எழுதியிருக்கும். யுஎஸ்ஆர், ஷேர், டாக் அடைவுகளுக்குள் ஜிசிசி-12-பேஸ் என்ற அடைவைத் திறந்து பாருங்கள். பக்ஜில்லாவில் உங்கள் பிழைக்கான திருத்தம் 12ஆம் கிளையில் எந்தத் தேதியில் சேர்ந்தது என்று பாருங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

புகாரின் தலைப்பில் சதுர அடைப்புக்குள் "12/13 ரிக்ரஷன்" என்பதுபோல் இருந்ததா என்றும் சொல்லுங்கள். முன்பு சரியாக இருந்து புதிதாகக் கெட்டுப்போனவற்றுக்கு அப்படிப் போடுவார்கள். ஒரு கிளையில் சரிசெய்ததும் அந்தக் கிளையின் எண்ணைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். வெளியீட்டுக் கிளைகளுக்குள் அவர்கள் அனுமதிப்பது பெரும்பாலும் இந்த வகைத் திருத்தங்களைத்தான். ரிக்ரஷன் அல்லாத பிழை என்றால், அது சரியான பின்பும் பழைய கிளைக்கு வராமலே போகலாம்.

---

வைகைக்கரையான் எழுதியது:

நன்றி அக்கா. பார்த்துவிட்டேன். சேஞ்ச்லாகில் 2023 ஜனவரி முற்பகுதிவரை கிளையிலிருந்து எடுத்ததாக இருக்கிறது. என் பிழைக்கான திருத்தம் கிளையில் சேர்ந்ததோ அதற்கு அடுத்த சில வாரங்களில். தலைப்பில் ரிக்ரஷன் என்று இருந்திருக்கிறது. இப்போது 12 என்ற எண் எடுக்கப்பட்டிருக்கிறது.

அப்படியென்றால் ஜனவரிக்குப்பின் டெபியன் ஏன் எடுக்கவில்லை? டெபியன் 12 வெளியானது ஜூனில்தானே?

---

தறிநூல் எழுதியது:

ஃப்ரீஸ் (வெளியீட்டுக்கு முன் மாற்றங்களை நிறுத்திவைப்பது) ஜனவரியிலேயே தொடங்கிவிட்டது. 2023 ஜனவரி 12ஆம் தேதி முதலில் உறையவைத்தது கம்பைலர் முதலான அடிப்படைக் கருவிகளைத்தான். காரணம் எளிது: பல்லாயிரம் பொதிகள் அந்தக் கம்பைலரால் கட்டப்படுகின்றன. அது நடுவில் மாறினால், எது எதனால் உடைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஜூனில் வெளியானபின் கதவு இன்னும் இறுக்கமாகிவிடுகிறது. பாதுகாப்புப் பிழை, தரவு கெடும் அளவுக்குப் பெரிய பிழை என்றால் அந்தத் திருத்தத்தை மட்டும் தனியாக வெட்டியெடுத்து, பழைய வெர்ஷனில் பொருத்தி, இடைவெளியீடுகளில் கொடுப்பார்கள். இதுதான் பேக்போர்ட். 12.3ஐ முழுசாகக் கொண்டுவர மாட்டார்கள்.

"தவறான விடை தரும் கம்பைலர் பிழை" என்பது வலுவான காரணம். உங்கள் வெட்டிக் குறைத்த நிரலையும், கிளையில் உள்ள திருத்தத்தின் சுட்டியையும் சேர்த்து டெபியனின் பிழைத்தடத்தில் ஒரு புகார் போடுங்கள். ரிப்போர்ட்பக் என்ற கருவி தேவையான விவரங்களைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஏற்பார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் கேட்காத திருத்தத்தை யாரும் சுமந்துவர மாட்டார்கள்.

---

புதுவெளி எழுதியது:

இவ்வளவு சுற்றுவழி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. டாக்கரில் (நிரல்களைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) அதிகாரபூர்வ ஜிசிசி இமேஜ் இருக்கிறது. 12, 13, 14 என்று எது வேண்டுமோ எடுத்துக்கொண்டு அதற்குள் பில்ட் செய்யுங்கள். இயங்குதளத்தோடு வரும் கம்பைலர், இயங்குதளத்தைக் கட்டுவதற்காக வைத்தது. நம் நிரலுக்கான கம்பைலரை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் ரஸ்டில் வேலை செய்கிறேன். ஆறு வாரத்துக்கு ஒரு நிலையான வெளியீடு. பிழை சரியானால் அடுத்த வெளியீட்டில் வருகிறது, அவசரம் என்றால் நடுவில் ஒரு சிறு வெளியீடு. ரஸ்டின் நிறுவியான ரஸ்ட்அப்பில் ஒரு கட்டளை கொடுத்தால் போதும். பழைய வெர்ஷனுக்குத் திருத்தம் என்ற பேச்சே அங்கு இல்லை. கோ மொழியிலும் கடைசி இரண்டு பெரிய வெளியீடுகளுக்கு மட்டும்தான் திருத்தம் கொடுப்பார்கள். 1.21 முதல், எந்த வெர்ஷன் கம்பைலர் வேண்டும் என்று திட்டத்தின் கோப்பிலேயே எழுதிவைத்தால் அதுவே இறக்கிக்கொள்கிறது. இப்படித்தான் எல்லாக் கருவிகளும் இருக்க வேண்டும். பழையதைப் பிடித்துக்கொண்டு தொங்குவதால்தான் பேக்போர்ட் என்ற தலைவலியே வருகிறது.

---

வைகைக்கரையான் எழுதியது:

புதுவெளி, டாக்கர் யோசனை நல்லது. ஆனால் நேராக 14க்குத் தாவ என்னால் முடியாது. எங்கள் நிரலோடு பழைய சி லைப்ரரி ஒன்றும் சேர்ந்து கம்பைல் ஆகிறது. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவது போன்றவற்றை ஜிசிசி 14 முழுப் பிழையாகவே எடுத்துக்கொள்கிறது. முன்பு எச்சரிக்கையோடு விட்டது. அந்த லைப்ரரியில் அப்படி எத்தனையோ இடங்கள்.

இன்னொன்று, வாடிக்கையாளர்களிடம் உள்ள கருவிகளில் ஓடுவதும் டெபியன் 12தான். ஜிசிசி 13இல் கட்டிய நிரலை அங்கே போட்டால் சி++ லைப்ரரியில் 3.4.32 என்ற வெர்ஷன் குறியீடு இல்லை என்று தொடங்கும்போதே நின்றுவிடுகிறது.

---

தறிநூல் எழுதியது:

அதனால்தான் கிளைக்குள்ளேயே இருங்கள் என்கிறேன். 12 வரிசை முழுவதும் அந்த லைப்ரரியின் குறியீடு 3.4.30தான். 12.3, 12.4, 12.5 எதில் கட்டினாலும் டெபியன் 12 கருவியில் ஓடும். 13க்குப் போனால் 3.4.31, 3.4.32 என்று ஏறிவிடுகிறது. சி++ லைப்ரரியை நிரலுக்குள்ளேயே நிலையாக இணைத்துவிடலாம்தான், ஆனால் பல பகிர்வு லைப்ரரிகள் இருக்கும் இடத்தில் அது புதுச் சிக்கல்களைக் கொண்டுவரும்.

ஜிசிசி எண்முறை தெரியாதவர்களுக்காக: 2015இல் வந்த 5 முதல், ஆண்டுக்கு ஒரு பெரிய எண். அதன் முதல் வெளியீடு 12.1. அதற்குப்பின் வரும் 12.2, 12.3 எல்லாம் பிழைத்திருத்தங்களுக்காக மட்டும் வருபவை. புது வசதி எதுவும் அவற்றில் சேராது. எனவே 12.2இலிருந்து 12.5க்குப் போவதும் 12இலிருந்து 14க்குப் போவதும் ஒன்றல்ல.

---

மூத்த நிரலர் எழுதியது:

இழையைப் படித்ததும் பழைய நாள்கள் நினைவுக்கு வந்தன. டர்போ பாஸ்கலில் எழுதியவர்களுக்கு "ரன்டைம் எரர் 200" மறந்திருக்காது. திரை வேலைகளுக்கான சிஆர்டி யூனிட்டைச் சேர்த்த எந்த நிரலும், ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய கணினியில் தொடங்கும்போதே விழுந்துவிடும். டிலே ஃபங்ஷனுக்காக, ஒரு கடிகாரத் துடிப்புக்குள் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று அந்த யூனிட் எண்ணிப் பார்த்து 55ஆல் வகுக்கும். கணினி வேகமாகிவிட்டதால் ஈவு 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. பிராசஸர் அதையும் பூஜ்யத்தால் வகுத்த பிழையாகவே அறிவிக்கும். டர்போ பாஸ்கல் 7 வந்தது 1992இல். அந்த வேகத்தில் கணினிகள் வீட்டுக்கு வந்தபோது பாஸ்கல் எழுதிய பலரும் டெல்ஃபிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

பயனர்களே திருத்தம் எழுதினார்கள். ஏற்கெனவே கம்பைல் செய்த இஎக்ஸ்இ கோப்பைத் திறந்து அந்தச் சில பைட்டுகளை மட்டும் மாற்றும் குட்டி நிரல்கள் சுற்றுக்கு வந்தன. மூலநிரல் தொலைந்துபோன கணக்கு நிரல்கள்கூட அவற்றால் பிழைத்தன. விஷுவல் ஸ்டூடியோ 6க்கு சர்வீஸ் பேக் 5 வந்தது 2001இல், 6 வந்தது 2004இல். டயல்-அப் இணைப்பில் அவற்றை இறக்குவது நடக்கிற காரியமில்லை. நண்பர் ஒருவரிடம் சிடி இருக்கிறது என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறிப் போய் வாங்கிவருவோம்.

லாரி வால் 1985இல் பேட்ச் என்ற நிரலை யூஸ்நெட்டில் வெளியிட்டபின் யூனிக்ஸ்காரர்களுக்கு நிலைமை மாறிவிட்டது. மாறிய வரிகளை மட்டும் அஞ்சலில் அனுப்பினால் போதும், வாங்குபவர் தன் மூலநிரலில் பொருத்திக்கொள்வார். வரிகள் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் சுற்றியுள்ள வரிகளை வைத்துச் சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிடும். தறிநூல் சொல்லும் டெபியன் பேக்போர்ட் இன்றும் அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. வைகைக்கரையான் தம்பிக்கு மூலநிரல் கையில் இருக்கிறது. டர்போ பாஸ்கல் காலத்தில் எங்களுக்கு இல்லாத வசதி அது.

---

காப்பிக்கொட்டை எழுதியது:

புதுவெளி சொல்வதில் ஒரு பாதியை மறுக்கிறேன். திருத்தம் என்ற பெயரில் வருவதெல்லாம் திருத்தம் மட்டுமே என்று நினைக்கக்கூடாது.

ஜாவாவில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை புதுப்பிப்பு வரும். நாள் முன்கூட்டியே தெரியும் என்பதால் சோதனைக்கு ஆளை ஒதுக்கிவைக்க முடிகிறது. இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும். 2021 ஏப்ரல் புதுப்பிப்பில், ஜாவா 8க்கு வந்த 291ஆம் அப்டேட்டிலும் 11.0.11இலும், இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 இரண்டையும் இயல்பிருப்பாகவே அணைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்காகச் செய்தது, செய்ய வேண்டியதும்கூட. ஆனால் நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தில் பழைய டேட்டாபேஸ் சர்வருக்கு டிஎல்எஸ் 1.2 தெரியாது. காலையில் புதுப்பித்தார்கள், பத்து மணிக்கு ரசீது போடும் கவுன்டர்கள் நின்றுவிட்டன. ஜாவா.செக்யூரிட்டி கோப்பில் தடைப்பட்டியலிலிருந்து அந்த இரண்டையும் தற்காலிகமாக எடுத்து ஓடவைத்து, அதன்பின் சர்வரை மாற்றினோம். அந்த வெளியீட்டுக் குறிப்பின் தொடக்கப் பகுதியிலேயே இது எழுதப்பட்டிருந்தது. குறிப்பைப் படிக்கும் பொறுப்பு அந்த நிறுவனத்தில் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

மூலநிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட்டிலும் 2022 ஏப்ரலில் 2.35.2 வந்தபோது இதேதான். வேறொருவர் பெயரில் உள்ள அடைவில் கிட் ஓட மறுத்தது. உண்மையான பாதுகாப்பு ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் கன்டெய்னருக்குள் ரூட்டாக ஓடிக்கொண்டிருந்த பில்டுகள் எத்தனையோ அன்று நின்றன. பாதுகாப்பான அடைவு என்று அமைப்பில் சேர்த்தபின்தான் ஓடின.

ஜாவாவை எங்கிருந்து எடுப்பது என்பதும் தனிக் கேள்வி. 2019 ஏப்ரல் முதல் ஆரக்கிளின் ஜாவா 8 புதுப்பிப்புகளை நிறுவனங்கள் உற்பத்தியில் பயன்படுத்தக் கட்டணம் உண்டு. ஆனால் ஜாவாவின் திறந்த வடிவமான ஓபன்ஜேடிகே மூலநிரலின் 8, 11 கிளைகளைச் சமூகம் தொடர்ந்து பராமரிக்கிறது. ரெட்ஹேட் முன்னின்று எடுத்துக்கொண்டது. அதிலிருந்து டெமூரின், கொரெட்டோ, ஜூலு என்று பலர் இலவசமாகக் கட்டித் தருகிறார்கள். ஒரே திருத்தம், வெவ்வேறு கடை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள்.

---

புதுவெளி எழுதியது:

உடைந்தது புதுப்பித்ததால் அல்ல, வருடக்கணக்கில் புதுப்பிக்காத சர்வரால். 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் பதிவுக்குறிப்பு எழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே லைப்ரரியின் ஓட்டை வெளிவந்தபோது என்ன நடந்தது? 2.15.0 வந்தது, அது போதவில்லை என்று 2.16.0, அடுத்து 2.17.0, கடைசியில் 2.17.1. எல்லாம் ஒரே மாதத்துக்குள். புதுப்பிக்கும் பழக்கம் உள்ளவர்கள் நாலு முறை மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். பழைய 1 வரிசையில் இருந்தவர்கள் "அந்த ஓட்டை எங்களுக்கு இல்லை" என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் 1 வரிசைக்கான ஆதரவு 2015லேயே முடிந்துவிட்டது, அதில் வேறு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கின்றன.

---

தறிநூல் எழுதியது:

லாக்4ஜேயை ஒப்புக்கொள்கிறேன். மறுபக்கத்துக்கு, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட்டைச் சொல்லட்டுமா? 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு வைத்திருந்தார்கள். 2024 மார்ச் 29ஆம் தேதி அதை வெளியிட்டவர் ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர். தொலைக் கணினிக்குள் எஸ்எஸ்எச் வழி நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே, ஏன் என்று தோண்டியதில் கண்டுபிடித்தார். பின்கதவைத் திறக்கும் கடைசித் துண்டு கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டு டார் கோப்பில் (மூலநிரல் கட்டு) மட்டும் இருந்தது. டெபியனின் முன்னோட்டத் தடங்களான அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் அது போய்விட்டது. நிலையான வெளியீடான ஸ்டேபிளுக்குப் போகவில்லை, ஏனென்றால் ஸ்டேபிள் புது வெர்ஷனை எடுப்பதில்லை.

---

புதுவெளி எழுதியது:

அது எப்போதாவது நடப்பது அக்கா. லாக்4ஜே மாதிரி ஓட்டைகள் மாதம்தோறும் வருகின்றன. அன்ஸ்டேபிளைப் பயன்படுத்திய ஒருவர்தான் எக்ஸ்இசட் பின்கதவைப் பிடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லோரும் ஸ்டேபிளில் இருந்திருந்தால் அது அடுத்த ஸ்டேபிளுக்குள் சத்தமில்லாமல் போயிருக்கும்.

---

தறிநூல் எழுதியது:

நியாயமான பேச்சு. முன்னால் போய்ப் பார்ப்பவர்கள் தேவை, சந்தேகமில்லை. வாடிக்கையாளரின் எடைக்கருவி அந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஒரு கணினியில் டெபியன் டெஸ்டிங்கைப் போட்டு அதில் தினமும் பில்ட் ஓடட்டும். உடைவது எது என்று முன்கூட்டியே தெரியும். அனுப்பும் நிரல் ஸ்டேபிளில் கட்டப்படட்டும்.

---

பூட்டிய அறை எழுதியது:

இணையமே இல்லாத இடத்தில் வேலை செய்கிறவன் நான். பில்ட் கணினிகள் இருக்கும் அறைக்குள் வலையமைப்பு வெளியிலிருந்து வருவதில்லை. ரஸ்ட்அப், டாக்கர் இழுப்பு எல்லாம் இங்கே செல்லாது.

எங்கள் நடைமுறை இது. ஏபிடி-ஆஃப்லைன் என்று ஒரு கருவி உண்டு. உள்ளே இருக்கும் கணினியில் ஓட்டினால், எந்தெந்தப் பொதி எந்த வெர்ஷன் வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதித் தரும். அதை யுஎஸ்பியில் எடுத்துக்கொண்டு வெளியே இணையம் உள்ள கணினிக்குப் போய் இறக்கவேண்டும். திரும்பி வந்து நிறுவ வேண்டும். கையொப்பச் சரிபார்ப்பு உள்ளே வந்தபின் மீண்டும் நடக்கும், அதனால் வழியில் யுஎஸ்பி மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம். பைதான் லைப்ரரிகளுக்கு வெளியே பிப் டவுன்லோட், உள்ளே இன்டெக்ஸ் பார்க்காமல் அந்த அடைவிலிருந்து மட்டும் நிறுவுதல்.

கையொப்பத்தை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் சீனாவில் எக்ஸ்கோட்கோஸ்ட் விவகாரம் வந்தது. ஆப்பிள் சர்வரிலிருந்து அதன் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோடை இறக்க அங்கே நெடுநேரம் ஆனது. பைடுவின் கோப்புப் பகிர்வில் யாரோ போட்டிருந்த பிரதியை டெவலப்பர்கள் எடுத்தார்கள். அந்தக் கம்பைலர் கட்டிய ஒவ்வொரு செயலிக்குள்ளும் வேவு நிரல் ஏறிக்கொண்டது. வீசாட்டின் ஒரு வெர்ஷனே அதில் மாட்டியது. எழுதியவர்களின் மூலநிரலில் ஒரு குற்றமும் கிடையாது. இணைப்பு மெதுவாக இருக்கும் ஊரில் உள்ளவர்களுக்கு, பக்கத்தில் கிடைக்கும் பிரதியை எடுத்துக்கொள்ளத் தோன்றும். எடுங்கள், தவறில்லை. கையொப்பமும் சரிபார்ப்பு எண்ணும் மட்டும் மூலத் திட்டத்தின் தளத்திலிருந்து வரட்டும்.

---

நெய்தல் எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம், மாணவி நான். விண்டோஸில் பைதான் 3.11 வைத்திருக்கிறேன். 3.11.10இல் பாதுகாப்புத் திருத்தம் இருக்கிறது என்று படித்துவிட்டுத் தளத்துக்குப் போனால் இன்ஸ்டாலரே இல்லை, மூலநிரல் மட்டும்தான் இருக்கிறது. 3.11.9க்கு இருக்கிறது. நான் தவறான பக்கத்தில் தேடுகிறேனா?

---

காப்பிக்கொட்டை எழுதியது:

சரியான பக்கம்தான் தங்கை. பைதானில் ஒவ்வொரு வெர்ஷனும் மொத்தம் ஐந்து ஆண்டு உயிரோடு இருக்கும். முதல் ஒன்றரை ஆண்டு எல்லாவகைப் பிழைத்திருத்தமும் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், இன்ஸ்டாலரோடு. 3.13 முதல் இதை இரண்டு ஆண்டாக நீட்டியிருக்கிறார்கள். அதற்குப்பின் பாதுகாப்புத் திருத்தம் மட்டும், அதுவும் மூலநிரலாக மட்டும். 3.11க்கு 2024 ஏப்ரலில் வந்த 3.11.9தான் கடைசி இன்ஸ்டாலர். 3.12க்கு 2025 ஏப்ரலில் வந்த 3.12.10.

விண்டோஸில் நீங்களே கம்பைல் செய்ய வேண்டாம். பாடத்திட்டம் 3.11ஐக் கட்டாயமாக்கவில்லை என்றால், இன்னும் இன்ஸ்டாலர் வந்துகொண்டிருக்கும் வெர்ஷனுக்குப் போய்விடுங்கள்.

---

பூட்டிய அறை எழுதியது:

எடிட்டரையும் மறக்காதீர்கள். 2024 பிப்ரவரியில் விஎஸ் கோட் 1.86 வந்ததும், பழைய சர்வர்களோடு எஸ்எஸ்எச் வழி வேலை செய்தவர்கள் எல்லாம் வெளியே நின்றார்கள். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.28 வேண்டும் என்றது. சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 2.17, உபுண்டு 18.04இல் 2.27. கூச்சல் எழுந்தபின் சில நாளில் 1.86.1இல் தளர்த்தி, மாறிக்கொள்ள ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். எடிட்டர் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. சர்வரை மாற்றும் அதிகாரமோ டெவலப்பரிடம் இல்லை. குழு முழுவதும் ஒரே சர்வரில் வேலை செய்கிறதென்றால் எடிட்டரின் தானியங்கிப் புதுப்பிப்பை ஒருவரிடம் மட்டும் திறந்துவைத்து, அவர் பார்த்துச் சொன்னபின் மற்றவர்கள் ஏறுவது நல்லது.

---

வைகைக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன், பிறகு தேடி வருபவருக்கு உதவும்.

வாடிக்கையாளருக்கு உடனே போக வேண்டியிருந்ததால் முதலில் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் வெக்டரைசரை, அதாவது லூப்பின் பல சுற்றுகளை ஒன்றாகக் கணக்கிடும் பகுதியை, அணைத்தேன் (எஃப்-நோ-ட்ரீ-வெக்டரைஸ் என்ற கொடி). ஜிசிசி 12இல்தான் ஓ2 நிலையிலேயே வெக்டரைசர் இயல்பாக ஓடத் தொடங்கியது என்று குறிப்பில் படித்தேன். டெபியன் 11இன் கம்பைலரில் ஓ2இல் அது ஓடவில்லை, அதனால்தான் அங்கே பிழை தெரியவில்லை. விடை சரியாக வந்தது, வேகத்தில் எங்களுக்குத் தெரியும் அளவுக்கு வேறுபாடு இல்லை.

பிறகு டெபியனின் ஜிசிசி மூலப்பொதியை இறக்கி அந்த ஒரு திருத்தத்தைப் பேட்சாகச் சேர்த்துக் கட்டலாமா, 12.5ஐ முழுசாகக் கட்டலாமா என்று யோசித்தோம். 12.5ஐத் தேர்ந்தெடுத்தோம். ஒரு திருத்தத்தை நாங்களே பொருத்தினால் அதைச் சோதித்தவர்கள் நாங்கள் மட்டும்தான். 12.5 என்றால் அந்தக் கிளையின் எல்லாத் திருத்தமும் ஒன்றாகச் சோதிக்கப்பட்டு வந்தது. டார் கோப்பின் ஜிபிஜி கையொப்பத்தைச் சரிபார்த்து, ஓபிடி அடைவுக்குள் தனியாக நிறுவினோம். டெபியன் கம்பைலர் தன் இடத்தில் அப்படியே இருக்கிறது, இயங்குதளப் பொதிகளை அது பார்த்துக்கொள்ளும்.

கட்டும்போது கவனித்த ஒன்று மனதுக்குப் பிடித்தது. ஜிசிசி தன்னைத்தானே மூன்று முறை கட்டிக்கொள்கிறது. பழைய கம்பைலரால் ஒருமுறை, அதில் பிறந்ததால் இரண்டாம் முறை, அதில் பிறந்ததால் மூன்றாம் முறை. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபின்தான் முடிகிறது. என் பழைய 12.2இன் பிழை புது கம்பைலருக்குள் தொற்றிவிடுமோ என்ற பயம் அதில் பெருமளவு போய்விட்டது.

வெட்டிக் குறைத்த நிரலை எங்கள் சோதனைத் தொகுப்பில் சேர்த்துவிட்டேன். எந்தக் கம்பைலர் வந்தாலும் முதலில் அது ஓடும். டெபியனுக்கும் புகார் அனுப்பியாயிற்று.

---

தறிநூல் எழுதியது:

நல்ல வேலை தம்பி. ஒன்றை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: 2025 ஜூலையில் வந்த 12.5தான் அந்தக் கிளையின் கடைசி வெளியீடு. கிளையை மூடிவிட்டார்கள். இனி 12இல் புதுப்பிழை ஒன்றைக் கண்டால் ஜிசிசி திட்டத்திலிருந்து திருத்தம் வராது, நீங்களே பொருத்த வேண்டும். டெபியன் 12க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன்வரை உண்டு என்றாலும், அது கம்பைலர் பிழைகளைத் துரத்தாது. டெபியன் 13இல் இருப்பது ஜிசிசி 14.2. அந்தப் பழைய சி லைப்ரரியை இப்போதிருந்தே 14இல் கம்பைல் செய்து பார்த்துச் சரிசெய்யத் தொடங்குங்கள். அவசரமே இல்லாத காலத்தில் செய்யலாம். ஜிசிசியின் அறிவிப்பு அஞ்சல்குழுவில் சேர்ந்துவிடுங்கள், மாதத்துக்கு ஓர் அஞ்சல்கூட வராது, வெளியீட்டுச் செய்தி மட்டும்தான் வரும்.

---

புதுவெளி எழுதியது:

அந்த லைப்ரரியின் எச்சரிக்கைகளை 12.5லேயே பிழையாக மாற்றிக் கட்டிப் பாருங்கள் வைகைக்கரையான். அறிவிக்காத ஃபங்ஷன், எண்-சுட்டி மாற்றம் இரண்டுக்கும் தனித்தனிக் கொடி இருக்கிறது. 14க்குப் போகும்முன்பே பட்டியல் கிடைத்துவிடும். பழைய சி நிரலில் இவை அடிக்கடி வரும். பட்டியலை இங்கே போட்டால் நானும் சேர்ந்து பார்க்கிறேன்.

---

வைகைக்கரையான் எழுதியது:

இன்று மாலை ஓட்டிவிட்டுப் போடுகிறேன்.